பூஜ்யமாகும்போது

சென்னை
12.6.1997

கர்த்தருக்குள் பிரியமான ஜோஸ்னா,

உன் அப்பா ஏதாவது பேசினாரா? நம் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சபையில் வாசிக்க இருந்த வாரத்திலா அவர் பக்கவாதம் வந்து விழ வேண்டும்?

இங்கே என் புரோகிராம் படுத்துவிட்டது. ஒரு கம்பெனியின் இரண்டு கிளைகளிலிருந்தும் வாடிக்கையாளர் எண்கள் ஓயாமல் வரும். வரிசை மாறும், ஒரே எண் பலமுறை வரும். எப்போது கேட்டாலும், இதுவரை இரண்டு பக்கமும் வந்தவர்கள் அதே ஆட்கள்தானா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். நான் எழுதியது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஒப்பிடுகிறது. மெஷின் திணறுகிறது. மாதக் கடைசிக்குள் சரிசெய்தால் அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் வேலை போகும், ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அப்படியே நடந்தால்தான் என்ன என்றும் தோன்றுகிறது. அங்கே நீ இருக்கிறாயே.

உன் ராபின்சன்

பாறசாலை
20.6.1997

அன்புள்ள ராபின்சன் அவர்களுக்கு,

அப்பா இன்னும் காரக்கோணம் ஆஸ்பத்திரியில்தான். பேச்சு வரவில்லை. டியூட்டோரியலில் கணக்கு வகுப்பு எடுத்து முடித்ததும் பஸ் பிடித்து ஓடுகிறேன். நீங்கள்தான் கடிதத்தில் பாதியை கம்ப்யூட்டருக்கே கொடுத்துவிடுகிறீர்கள்.

அவர் கட்டிலருகே இருந்து உங்கள் கணக்கைப் போட்டேன். முதலிலிருந்து ஒப்பிடவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வந்த எண்கள் எத்தனை என்று ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண் அதே பக்கம் முன்பே வந்திருந்தால் விட்டுவிடுங்கள். புதிது என்றால் மறுபக்கம் பாருங்கள். அங்கே வந்திருந்தால் தொகையில் ஒன்று குறையும். இல்லாவிட்டால் ஒன்று கூடும். தொகை பூஜ்யமாக இருக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதைத் தபாலில் போடாவிட்டால் வேலை போய் நீங்கள் ஊருக்கே வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில் ஷியாமளா அக்கா, "எதுக்கு மக்கா அழுத? அப்பாக்கு சொகமாவும்" என்றார். அப்பாவுக்காக அழவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

ஜோஸ்னா

சென்னை
4.7.1997

என் ஜோஸ்னா,

ஓடிவிட்டது! கேட்ட நொடியில் பதில் வருகிறது. வழி உன்னுடையது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். என்னை அனுப்புவது உறுதி. உன் பதில் வந்ததும் வரும் ஞாயிறன்றே ஓலை வாசிக்கச் சொல்லட்டுமா? என்னோடு வந்துவிடு. அப்பாவைப் பார்க்க உன் அண்ணன் கனகதாஸ் குவைத்திலிருந்து வரமாட்டாரா? தனியாகப் போக எனக்குக் கால் எழவில்லை.

ராபின்சன்

பாறசாலை
11.7.1997

அன்புள்ள ராபின்சன் அவர்களுக்கு,

அண்ணனுக்கு லீவு இல்லை.

நேற்று அப்பாவுக்குப் பேச்சு வந்தது. குழறல்தான். "ராபின்சன் எங்க?" என்றார். அமெரிக்காவுக்குப் போகப்போவதைச் சொன்னேன். "நீயும் போ மக்கா" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தவர், தூங்கும்வரை விடவில்லை.

நான் வரவில்லை. ஓலை இப்போது வேண்டாம். காத்திருப்பதாக உங்களிடம் வாக்குக் கேட்கவும் எனக்கு மனமில்லை. போகுமுன் ஒருமுறை ஊருக்கு வாருங்கள். எந்த வண்டி என்று எழுதினால் ஸ்டேஷனில் நிற்பேன். அழமாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வாருங்கள்.

உங்கள்
ஜோஸ்னா