பன்விலத் தப்புக்காரரின் பெயர்

விடியுமுன்னே தேயிலைத் தோட்டத்தையே எழுப்பிவிட்ட என் அப்பாவுக்கு,

மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் நிற்கிறேன், பிள்ளைகள் கேட்பது காதில் ஏறவில்லை. நேற்று சோற்றைத் தீய விட்டேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நீங்கள் அடித்த தப்பைக் கண்டியில் ஒரு நூதனசாலைக்குக் கொடுத்துவிட்டேன். மலையகத்து இசைக்காரர்களுக்கென்று கண்காட்சி வைக்கிறார்கள், சனிக்கிழமைகளில் வாத்தியங்களை வாசித்தும் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நீங்கள் போனபின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல காரியம்தானே? இருங்கள், மிச்சத்தையும் கேளுங்கள்.

அங்கே ஒரு படிவம் தந்தார்கள். வாசித்தவர் பெயர், கொடுப்பவர் அவருக்கு என்ன உறவு என்று இரண்டு கட்டம். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, தன் பங்குக்கு ஏதோ கொடுக்க வந்தவள், பக்கத்திலேயே நின்றாள். 'பன்விலப் பக்கத்துத் தோட்டத்தில் கிடைத்தது' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்படித்தவர் மகள் என்றால் அடுத்து என்ன சாதி என்பார்கள்; வாயால் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்பார்கள். அதற்குப் பயந்தேன் அப்பா, இந்த வயதிலும்.

நீங்களும் எனக்காக ஒளித்தவர்தானே? எனக்கு வேலை கிடைத்த வருசம், டீச்சர்மார் நம் லயத்து வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் நீங்களே தப்பைச் சாக்கில் போட்டு உள்ளே தள்ளினீர்கள். "புள்ள டீச்சரு ஆயிருச்சு, எதுக்கு வீண் பேச்சு?" என்றீர்கள். வேண்டாமப்பா என்று நான் ஒரு வார்த்தை சொன்னேனா?

சனிக்கிழமை போனேன். கண்ணாடிப் பெட்டியில் 'வாசித்தவர் பெயர் தெரியவில்லை' என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. புசல்லாவையிலிருந்து வந்த தம்பி ஒருவர் தப்பை எடுத்து அடித்தார். ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி தொத்தென்று ஒரு சத்தம். மழைக் குளிரில் தோல் தொய்ந்துபோயிருந்தது. மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாதாம். யாரோ சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சூடு காட்டாம அடிக்காதீங்க தம்பி! வெளிய கொண்டுபோய் மானாப்புல்லக் கொளுத்திக் காட்டுங்க!" என்று எழுந்து கத்தியே விட்டேன்.

நூதனசாலை மிஸ் ஓடி வந்தார். "டீச்சர், ஒங்களுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?"

"தோட்டத்துல பாத்திருக்கேன்," என்றேன். பாவி, அவ்வளவுதான் சொன்னேன்!

முற்றத்தில் வைத்துச் சூடு காட்டினார்கள். அப்புறம் விழுந்தது பாருங்கள் அடி! காலைப் பெரட்டுக்கு வேலையாட்களைக் கூப்பிடுகிற உங்கள் அடியேதான். சிரித்தவர்கள் கை தட்டினார்கள். யார் வாசித்த தப்பு என்று ஒருவர் கேட்டார், என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கூட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

என்னை மன்னிப்பீர்களா? மன்னித்துவிட்டு, "விடு தாயி" என்பீர்கள். அதுதான் இன்னும் சுடுகிறது.

இன்று போய்ப் புதுப் படிவம் வாங்கி வந்தேன். 'மாரிமுத்து' என்று முதல் கட்டத்தில் எழுதியாயிற்று. வருகிற சனிக்கிழமை மானாப்புல் கட்டோடு போய் நானே சூடு காட்டுவேன், அப்பா. இது சத்தியம். அந்த டீச்சரையும் வரச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டாவது கட்டத்தை உங்கள் படத்துக்கு முன்னால்தான் நிரப்ப வேண்டும் என்று வைத்திருந்தேன். இதோ, எழுதுகிறேன்.

உறவு: மகள்.
ராசாத்தி