புகை தின்ற முயல்

டலூத், மினசோட்டா
9 நவம்பர் 1981

என் வெர்டா மே அக்காவுக்கு,

மச்சானும் பிள்ளைகளும் சுகம்தானே? உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பனி கொட்டுகிறது. நம் ஊரில் வெட்டுக்கு முன் கரும்புத் தோகையை எரிக்கிற நாளில் விழுகிற சாம்பல்தான் வெளுத்துப்போய் விழுகிறதோ என்று தோன்றுகிறது. தூங்கினால் ஒரே கனவு. புகைக்குள் ஓடுகிறேன். முன்னால் ஒரு முயல். சத்தமே இல்லை. கை நீட்டினால் தொட்டுவிடலாம், ஆனால் எட்டவே மாட்டேனென்கிறது.

நம் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். போன ஞாயிறு வெட்டவெளியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தபோது தடியன் ஒருத்தன் துரத்தி வந்து சாய்த்துவிட்டான். பின்னாலிருந்து, அக்கா! ராஸ்கோவின் வேகம் போய்விட்டது என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். நீ டிவியில் பார்த்திருப்பாய். உண்மையைச் சொல், போய்விட்டதா?

உன் தம்பி,
ராஸ்கோ

பஹோக்கி, புளோரிடா
17 நவம்பர் 1981

என் செல்லத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீதான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, டிவியிலேயே தெரிகிறது. “துரைக்கு இப்பத்தான் அக்கா ஞாபகம் வந்துச்சா?” என்று உன் மச்சான் கிண்டல் செய்கிறார்.

கரும்பு எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தீ வைத்ததும் பாய்ந்து வருகிற முயல்களைப் பையன்கள் துரத்தினார்கள், நீ துரத்தின மாதிரியே. எல்லாம் முடிந்த பிறகு புகையில் மயங்கித் தள்ளாடி வந்த ஒன்றை என் சின்னவள் தூக்கிக்கொண்டு, “நானும் ராஸ்கோ மாமா மாதிரி புடிச்சிட்டேன்!” என்று ஒரே கூத்து. “போடி, அது புகை தின்ன முயல். உன்னை மாதிரி பொடிசுங்களுக்குன்னே விடுறது” என்று அண்ணன்கள் சிரிக்க, அவளுக்கு அழுகை.

நீ கேட்டதற்கு என்ன சொல்ல? டிவியில் என்ன பெரிதாகத் தெரியும்? கிறிஸ்துமஸுக்கு வா. கீரையும் பன்றிக்காலும் வேகவைத்துத் தருகிறேன்.

உன் அக்கா,
வெர்டா மே

டலூத்
2 ஜனவரி 1982

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கரும்புக் காட்டில் முயலைப் பிடித்தேன் பார்த்தாயா! புகை கலைகிற நேரம், குனிந்து ஒரே அள்ளு! “ராஸ்கோ இன்னும் ராஸ்கோதான்டா!” என்று ஊரே கத்தியது. அத்தனை கூச்சலிலும் உன் குரல் தனியாகக் கேட்டது.

இன்னும் ஒரு வருஷம் ஆடுகிறேன் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. முழங்காலில் இன்னொரு அடி விழுந்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் பயமுறுத்துகிறார். வேகம் இருக்கிறவனை எவன் வந்து மோத முடியும், சொல்!

உன் ராஸ்கோ

பஹோக்கி
11 ஜனவரி 1982

தம்பி,

எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

நீ பிடித்தது புகை தின்ற முயல். அதற்கு முன்னால் இரண்டு முயல்கள் உன்னைத் தாண்டிப் போயின. இரண்டுக்கும் பாய்ந்தாய், எட்டவில்லை. ஊர் பார்க்காத மாதிரி இருந்தது, நானும் அப்படியே இருந்தேன். உன்மேல் அவ்வளவு பிரியம் எங்களுக்கு. அந்தப் பிரியத்தை நம்பி நீ கையெழுத்துப் போட்டு, எவனாவது உன் காலை முறித்துப்போட்டால் நான் தாங்குவேனா?

உன் வேகம் போய்விட்டது. டிவியில் பார்த்த அன்றே தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

திட்டுவதானால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

டலூத்
20 ஜனவரி 1982

என் அக்காவுக்கு,

தூக்கின உடனேயே தெரிந்துவிட்டது. முயல் கையில் உதறக்கூட இல்லை, அப்படியே தூங்கிவிடும் போல இருந்தது. “டேய், அது பொடிசுங்க முயல்டா!” என்று யாராவது சிரிப்பார்களா என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே மனசு விட்டுப்போச்சு. ஆனால் எல்லாரும் கத்தக் கத்த, நானும் நம்பிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதேன். உன்மேல் கோபமில்லை. கையெழுத்துப் போடவில்லை.

நேற்றும் அதே கனவு. சாம்பல் விழுந்துகொண்டே இருந்தது. முயலைக் காணோம். நான் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உன் பையன்களிடம் சொல்லி வை, மாமா வந்து இறங்கியதும் அந்த முயலுக்காக வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும்.

உன் தம்பி,
ராஸ்கோ