மூன்றாம் தரம் கூப்பிட்டால்

அண்ணா,

நேற்று மத்தியானம் கீழே கேற்றடியில் யாரோ உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்ததே நீங்கள் போன பிறகுதான். உங்கள் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. கையில் பருப்புச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டாம் தரமும் கூப்பிட்டது. மூன்றாம் தரம் கேட்ட பிறகுதான் இறங்கிப் போனேன்.

தபால்காரர். வெளிநாட்டுப் பதிவுத் தபால், உங்கள் பெயருக்கு. ஆள் இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். மேலே இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ தெரியாது. உங்களுக்காக நானே கையெழுத்து வைத்து வாங்கினேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில் செபம் முடிந்ததும் அம்மா சொல்லுவா, நினைவிருக்கிறதா? "பேய் ரெண்டு தரம்தான் கூப்பிடும். மூண்டாம் தரமும் கூப்பிட்டால்தான் மனுசர்." நான் சிரித்தேன். ஹாபரில் கிரேன் ஓட்டுகிற பெரிய மனுசன் நீங்கள், அதைக் கடைசிவரை விடவில்லை. கோர்ட்டில்கூட! சேவகர் பெயரைக் கூப்பிடக் கூப்பிட வாய் திறக்காமல் நின்று, மூன்றாவதுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஓம்" என்றீர்கள். நீதிபதியின் முகம் கறுத்துப் போனது. எனக்கு உங்களில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

உங்களுக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி, காவலில் அடித்து வாங்கிய அந்த வாக்குமூலம். முழுக்கச் சிங்களம். அடியில் உங்கள் கையெழுத்து. லோயர் மிஸ் அதை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினா. அந்தக் கடதாசிக்குள் ஒருவன் "நான், நான்" என்று கதைத்துக்கொண்டே போனான். உங்கள் பெயரைச் சொன்னான், எங்கள் ஒழுங்கையைச் சொன்னான், ஹாபருக்குள் வெடிமருந்து கொண்டுவந்ததைச் சொன்னான். நீங்கள் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்டீர்கள்:

"ஆர் இந்த ஆள்?"

அண்ணா, அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

சிங்களம் கதைப்பேன், வாசிக்கத் தெரியாது என்றீர்கள். இவ்வளவு நன்றாகக் கதைக்கிறவர் விளங்காமலா கையெழுத்து வைத்தார் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அடித்தார்கள் என்பதையும் நீங்களே நிரூபிக்க வேண்டுமாம். அப்பீலும் தோற்றது. எங்கள் பகுதி நாடுகளுக்கென்று முறையிட ஒரு மனித உரிமை மன்று இல்லை, ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத்தான் எழுதலாம் என்றா மிஸ். எழுதினோம். பதில் வரமுதல் நீங்கள் சிறை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டீர்கள். வழக்கைத் தொடர வீட்டார் யாரும் விரும்புகிறார்களா என்று அங்கிருந்து கேட்டார்கள். உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு நான் கையெழுத்து வைத்தேன். எனக்கு உங்கள் பெயர் சுத்தமாக வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நேற்று வந்தது அந்தப் பதில்தான். வழக்கு உங்கள் பெயரில், விலாசம் மட்டும் என்னுடையது. ஆங்கிலத்தில் இருந்தது. விளங்காத பாஷையில் உங்களுக்கு இன்னொரு கடதாசியா என்று நினைத்து, உங்கள் பழைய பிரம்புக் கதிரைக்கு முன்னால் இருந்து தமிழில் சத்தமாகச் சொன்னேன். விசாரணை நியாயமாக நடக்கவில்லை. அந்த வாக்குமூலத்தை ஏற்றிருக்கவே கூடாது.

கதிரை பேசாமல் இருந்தது. இன்னொரு தரம் சொன்னேன். ஒன்றுமில்லை, கீழே பெரிய றோட்டில் பஸ் போகிற சத்தம் மட்டும். மூன்றாம் தரம் சொல்லி முடிக்க, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நான் பயப்படவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

இன்னும் முடியவில்லை, அண்ணா. உங்களைக் குற்றவாளி என்ற அந்தத் தீர்ப்பை இங்கே ஒரு கோர்ட் எடுத்தெறிய வேண்டும். எறியுமா என்று மிஸ்ஸுக்கே தெரியாது. அந்த நாள் வந்தால் சேவகர் உங்கள் பெயரைத்தான் கூப்பிடுவார். முதல் இரண்டு தரமும் நான் வாயைத் திறக்கமாட்டேன், யாருடைய முகம் கறுத்தாலும். மூன்றாவதுக்கு இரண்டு பேருமாக "ஓம்" சொல்லுவோம்.