மாமாவின் குடைக்கார நண்பர்

எடை மேடை
ஜூலை 9

என் அன்புப் பொடிசுக்கு,

நான் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்துவிட்டது பார். உன் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு வெளியே வந்ததுமே பெட்டிக்கடைக்காரனிடம் சொன்னேன்: மாதம் முடிவதற்குள் பிள்ளையிடமிருந்து கடிதம் வரும், அதில் 'நன்றாக இருக்கிறேன்' என்று மூன்று இடத்தில் இருக்கும், ஆனால் பிள்ளை நன்றாக இருக்காது என்று. வேண்டுமானால் அவனையே கேள். உன் கடிதத்தில் நான்கு இடத்தில் இருக்கிறது. என் கணக்கில் பிழை அவ்வளவுதான்.

வீட்டுக்கு எழுதாமல் மேடை விலாசத்துக்கு எழுதினாயே, அது புத்தி. உன் அம்மா கையில் கிடைத்திருந்தால், படித்த கையோடு உன்னைக் கூட்டிவரக் கிளம்பியிருப்பாள். அவளிடம் "அக்கா, அவ படிக்கட்டும், நகரத்துக்கு நான் பொறுப்பு" என்று மார் தட்டியவன் நான். அதனால் இந்தக் கடிதமெல்லாம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

நகரம் எனக்குப் புதிதா என்ன? எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். இந்த மேடையில் ஏறுகிற லாரியின் டயரைப் பார்த்தே பாரம் சொல்லிவிடுவேன், இயந்திரம் பிறகு வந்து என்னை ஒத்துக்கொள்ளும். அந்த லாரிகள் எல்லாம் எங்கே போகின்றன? நீ இருக்கிற நகரத்துக்குத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே உங்கள் தெருக்களின் வளைவு நெளிவெல்லாம் எனக்கு அத்துப்படி.

பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதி வரைக்கும் பூட்டிய பட்டறைகள் ஓரமாக நடந்து வரும்போது யாரோ பின்னால் வருவதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். திரும்பினால் யாரும் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது என்றும். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்.

கேள். அந்தப் பகுதியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பழைய சிநேகம், என் ஒரு வார்த்தைக்குக் கழுத்தைக் கொடுப்பார். அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். நீ போகும்போதும் வரும்போதும் தூரத்திலிருந்து ஒரு கண் வைத்துக்கொள்வார். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். என் வயசு, நடுத்தர உயரம். கூச்ச சுபாவம், அதனால் நீ அவரிடம் பேச்சுக் கொடுக்காதே. கண்ணில் பட்டால் மாமா அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நட. படாவிட்டாலும் எங்கேயாவது இருப்பார்.

நகரத்தின் நாடி பிடித்த,
உன் மாமா

*

விடுதி
ஜூலை 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு படித்தேன். அறையில் மூன்று கட்டில். ஜன்னலோரக் கட்டில்காரிதான் இங்கே ராணி. காற்று அவளுடையது, வெளிச்சம் அவளுடையது, ஜன்னல் கம்பியில் காயும் சிவப்புத் துண்டும் அவளுடையது. இன்னொருத்தி தூங்குவாள், எழுந்தால் தலை வாருவாள். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. "எந்த ஊரு நீ?" என்று கேட்டார்கள். நான் சொல்ல ஆரம்பித்தபோது சோப்பு எங்கே என்று தேடப் போய்விட்டார்கள்.

கல்லூரியிலும் அப்படித்தான். கேன்டீனில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. நான் தட்டை எடுத்துக்கொண்டு நடப்பேன். யாரும் "இங்க உட்காராதே" என்று சொல்வதில்லை. பையை எடுத்து நாற்காலியில் வைப்பார்கள், அவ்வளவுதான். அதனால் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றே சாப்பிட்டுவிடுகிறேன். அவசரமாகப் போக வேண்டியவள்போல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

நம் வீட்டில் யார் என்னைப் பார்த்தாலும் எரிச்சல் வரும், "எங்க போற, ஏன் லேட்டு" என்று. இங்கே யாருமே பார்ப்பதில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து ஒரு அம்மா தூங்கினார், இறங்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இந்தத் தெருவில் விழுந்து கிடந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று ஒருத்தருக்கும் தெரியாது மாமா. பட்டறைத் தெருவில் நடக்கும்போது என் செருப்புச் சத்தமே என்னைத் துரத்துகிறது.

ஆனால் நேற்று அவரைப் பார்த்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில், வெயிலில், கறுப்புக் குடையோடு. நடுத்தர உயரம்தான். நான் நடந்ததும் அவரும் நடந்தார். நான் நின்று செருப்பைச் சரி செய்தேன், அவரும் நின்றார். விடுதி வாசலில் நான் நுழையும்வரை எதிர்ப்பக்கம் பூட்டின கடைக்கு முன்னால் நின்றார். நீங்கள் சொன்னபடி பேசவில்லை.

அந்தத் தெரு நேற்றுதான் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன், எண்ணிப் பாருங்கள்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

உங்கள்
பொடிசு

*

எடை மேடை
ஆகஸ்ட் 2

என் அன்புப் பொடிசுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. மேடையில் ஒரு மணல் லாரி ஏறி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

அவரேதான். வேறு யார் இருக்க முடியும்? நான் சொல்லி அனுப்பினால் தட்டுகிற ஆள் இல்லை. லாரிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் மருமகளுக்கு நகரத்தில் தனிக் காவல் போட்டிருக்கிறேன் என்று. ஒருத்தன் "உனக்கு அங்க யாருய்யா ஃப்ரெண்டு?" என்று கேட்டான். அவனுடைய பாரத்தை இரண்டு தரம் நிறுத்து அனுப்பினேன்.

சும்மா சோதித்துப் பார்க்கத்தான் கேட்கிறேன், உன் கண் எவ்வளவு கூர்மை என்று. அவருக்கு மீசை உண்டா? தினமும் வருகிறாரா? வேறு பெண்பிள்ளைகள் பின்னாலும் நடக்கிறாரா, உன் பின்னால் மட்டும்தானா? எல்லாம் விவரமாக எழுது.

இன்னொன்று. கிட்டே மட்டும் போய்விடாதே. அவருக்குப் பொல்லாத இருமல், பக்கத்தில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும். முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வா. அந்தச் சிவப்புத் துண்டுக்காரியிடம் நீயாகவே போய்ப் பேசு. ராணிகளுக்கும் கூட நடக்க ஆள் வேண்டும். வேறு வழியில் விடுதிக்கு வர முடியுமா என்றும் பார். நல்ல நண்பர்தான், இருந்தாலும் அவரை எதற்குத் தினமும் நிற்க வைக்க வேண்டும்?

உன் அம்மா நேற்று, "அவ எழுதறாளா?" என்று கேட்டாள். பிரமாதமாக இருக்கிறாள் என்றேன். அப்புறம் ஏனோ சாப்பிட உட்காராமல் மேடைக்கே திரும்பிவிட்டேன்.

உடனே பதில் போடு.

உன்
மாமா

*

விடுதி
ஆகஸ்ட் 19

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடுங்கள். இப்போது எனக்கு நேரமே இல்லை. இதைச் சொல்ல எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?

பேச்சு மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் எழுந்து நின்றதும் கதவைத்தான் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், வாய் தானாகத் திறந்துகொண்டது. பேசி முடித்ததும் ஒரு மேசையில் எனக்காகப் பையை எடுத்துக் கீழே வைத்தார்கள். மாமா, அந்தப் பை தரையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஜன்னல்காரியும் இப்போது என்னோடு பேசுகிறாள். மன்றம் முடிந்து இருட்டும் நேரத்தில்தான் திரும்புகிறேன். பயமே இல்லை. நின்று வேடிக்கை பார்க்கிறேன். விளக்குப் போட்ட ஜன்னல்களைப் பார்த்து, அங்கே ஒரு வீடு, அங்கே ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு வருகிறேன். இந்த நகரத்தில் எனக்கும் ஒரு ஜன்னல் இருக்கிறது என்று தோன்றுகிறது. இவ்வளவும் நீங்கள் கொடுத்த தைரியம்.

நீங்கள் சொன்னதை ஒரு விஷயத்தில் மீறிவிட்டேன், திட்டாதீர்கள். தினமும் எனக்காக நிற்கிற மனிதருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் போவது மரியாதையாகப் படவில்லை. நேற்று நானே தெருவைக் கடந்து போய், "எங்க மாமாவோட ஃப்ரெண்டு நீங்கதானே?" என்று கேட்டேன்.

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் "ஆமாம்மா" என்றார்.

மீசை இல்லை. குரல் மெதுவாக இருக்கிறது. எடை மேடையைப் பற்றிச் சொன்னேன். "ஓ, இன்னும் அங்கதான் இருக்காரா?" என்று கேட்டார். இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன், "அதெல்லாம் சரியாயிடுச்சு" என்றார். அம்மாவைப் பற்றி, அப்பா இல்லாததைப் பற்றி, என்னை நீங்கள் பொடிசு என்று கூப்பிடுவதைப் பற்றி எல்லாம் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். என் அறை எது என்றார். சிவப்புத் துண்டு காயும் ஜன்னல் என்று காட்டினேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். பதினோரு மணிக்கு வாசலுக்கே வந்து அழைத்துப்போவாராம். சின்ன வீடு, அதனால் தோழிகள் வேண்டாம், நீ மட்டும் வா என்றார். வார்டன் அம்மாவிடமும் தானே வந்து சொல்வதாகச் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நகரத்துக்கு வந்து முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் போகப்போகிறேன் மாமா.

உங்கள் பெயரைச் சொல்லி அவர் வீட்டுக்கு என்ன வாங்கிப்போகட்டும்?

உங்கள்
பொடிசு

*

விடுதி வாசல்
ஞாயிறு காலை

பொடிசு,

இந்தச் சீட்டை எடுத்துவருகிற அம்மா உங்கள் விடுதியைக் கூட்டுகிறவர். அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார், என் கோணல் எழுத்துதான். என்னைத் தவிர யாரும் இவ்வளவு அசிங்கமாக எழுத முடியாது.

முதலில் இது. அவரோடு போகாதே. பதினோரு மணிக்கு அல்ல, எந்த மணிக்கும் போகாதே. ஜன்னலில் நின்று கையாட்டாதே. அந்தத் துண்டை உள்ளே எடுக்கச் சொல்.

உன் கடிதம் நேற்று மத்தியானம்தான் வந்தது. "ஆமாம்மா" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு மேல் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். மேடை அறையிலிருந்து விடுதிக்கு போன் செய்தேன். உன் பெயரைச் சொல்லி, அவளோட மாமா பேசறேன் என்றேன். வார்டன் அம்மா, "காலையில மாமாவோட ஃப்ரெண்டுன்னு ஒருத்தர் வந்து நின்னாரு, இப்ப மாமாவா? எல்லாரும் மாமான்னுதான் சொல்றாங்க" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. சிமெண்டு லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, மூட்டைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்லுவேன்?

உள்ளங்கைபோல் தெரியும் என்று சொன்ன நகரத்தில் எனக்கு இடது பக்கம் எது வலது பக்கம் எது என்று தெரியவில்லை. உன் விடுதிப் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய் காய்ந்துவிட்டது. நீ எழுதினது சரிதான், இங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பட்டறைத் தெருவில் நடக்கும்போது என் செருப்புச் சத்தமும் என்னைத் துரத்தியது. மழை பிடித்துக்கொண்டது. காவலாளி என்னை உள்ளே விடவில்லை. என் சட்டையெல்லாம் சிமெண்டு, நான் காவலாளியாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். பார்வையாளர் நேரம் வரட்டும் என்கிறார். மதில் ஓரம் நின்று இதை எழுதுகிறேன்.

எதிர்ப்பக்கம் பூட்டின கடைக்கு முன்னால் அவர் நிற்கிறார். புதுச் சட்டை போட்டிருக்கிறார். உன் ஜன்னலைப் பார்க்கிறார். கைக்கடியாரத்தைப் பார்க்கிறார். என்னையும் ஒரு தரம் பார்த்தார், நகரத்துக்காரர்கள் பார்க்கிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல். அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கும் அவரைத் தெரியவில்லை.

நல்ல மனிதராகக்கூட இருக்கலாம். பேசுவதற்கு ஆள் இல்லாதவராக இருக்கலாம். அப்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் நல்லவர் என்றால், நீ கேட்டதும் "இல்லம்மா, நீ வேற யாரையோ நெனச்சுக்கிட்டே" என்றுதானே சொல்லியிருப்பார்?

வார்டன் அம்மாவிடம் இந்தச் சீட்டைக் காட்டு. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வா. அந்த ஜன்னல்காரியையும் கூட்டிக்கொள். குடை பிடித்திருக்கிற ஆள் பக்கம் திரும்பாதே. குடையில்லாமல் நனைந்துகொண்டு நிற்கிறவன் நான்.

என் மேல் உனக்கு இனி என்ன மரியாதை மிஞ்சுமோ தெரியவில்லை. பேச்சு மன்றத்தில் பேசினது நீதான். உன் பின்னால் யாரும் நிற்கவில்லை. இதை நேரில் சொல்ல வாய் வராது, எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதம் உனக்குக் கடிதம் எழுதும்போது, உன் பயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் தலையைத் தூக்கினேன். மேடை அறையில் எதிரே ஆணியில் என் கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, ஒரு ஆளையும் எழுதினேன்.

இந்த நகரத்தில் எனக்கு நண்பர் என்று ஒருத்தரும் இல்லை, கண்ணு. நான் யாரையும் அனுப்பவில்லை.

மாமா