மாத்திரை போடாத காலை

வியாழன் இரவு, பூண்டுலோயா.

நான் உதவியாளராக இருந்த பிரஷர் ஆய்வு கட்டுரையாக வெளிவந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று ஆய்வை நடத்திய டொக்டர் எழுதியிருக்கிறார். இரத்தத்தில் சீனியும் பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னது அவர்தான். மாத்திரையும் வயிற்றுக்குள் போவதுதானே என்று அதையும் விழுங்காமல் வந்தார்கள். அந்தக் காலையிலேயே அளந்ததில் எல்லாருக்கும் பிரஷர் ஏறியிருந்தது. காரணம் இதுதான் என்று அன்றே டொக்டரிடம் சொன்னேன். "சின்ன விஷயம், விடுங்க மிஸ்" என்று சிரித்தார்.

"எங்களப் பத்தி என்னாடி எழுதியிருக்காரு?" அம்மா ஆசையாகக் கேட்டார்.

சொன்னேன்.

"அடப்பாவி! அவரு பேச்சக் கேட்டுத்தானே பட்டினியா போனோம்!"

கட்டுரையின் கடைசியில் எனக்கு நன்றி வேறு. திருத்துங்கள், இல்லாவிட்டால் என் பெயரை எடுங்கள் என்று அவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். 'அன்புள்ள' என்றுகூடப் போடவில்லை.