கடப்பாக்கத்தில் பாதியில் நின்ற ஜெபம்

செங்கல்பட்டு,
பொங்கல் கழிஞ்சு அஞ்சாம் நாள்.

அன்பு மகன் ஸ்டான்லிக்கு அம்மா எழுதுவது. நீயும் ஷாரோனும் பேரன் ரோஹித்தும் கர்த்தருடைய கிருபையால நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். நாங்களும் சுகம்னு எழுதறதுதான் வழக்கம், இந்தத் தடவை நான் முழு சுகம், அப்பா பாதி சுகம். பதறாதே. முதல்ல முடிவைச் சொல்லிட்டு அப்புறம் ஆரம்பத்துக்கு வரேன், தாலுக்கா ஆபீஸ்ல இருந்த காலத்துலயும் எனக்கு அதுதான் பழக்கம். கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட கடப்பாக்கத்துக்கு லீவுக்குப் போன இடத்துல அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல. நடக்கறாரு, சாப்பிடறாரு, டிவி ரிமோட்டை யாருக்கும் குடுக்கறதில்ல. வலது கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. பேச்சு சுத்தமா போயிருந்துச்சு, இப்ப கொஞ்சம் கொஞ்சமா வருது. நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா குளிக்கறாரு, கடைக்குப் போயிருக்காரு, தூங்கறாருன்னு நானும் உன் அக்கா ஜாக்குலினும் சொன்னோமே, அத்தனையும் பொய். அவர் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு அவர்தான் இடது கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாரு. பஸ்ல கண்டக்டரா அத்தனை வருஷம் கத்தின தொண்டை, மகன்கிட்ட போய் தத்தித் தத்திப் பேசறதான்னு வெக்கம். இப்ப அவரே சரின்னு தலையாட்டினதுக்கு அப்புறம்தான் எழுதறேன். போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல கேள்வி கேப்பே, எனக்குக் கோர்வையா வராது. நம்ம சபை சாம் மெல்போர்னுக்குத் திரும்பறான், அவன்கிட்ட குடுத்தனுப்பறேன். கூடவே கொஞ்சம் கருவாடு வெக்கலாம்னு பார்த்தேன், ஏர்போர்ட்லயே புடுங்கிப் போட்டுட்டு அபராதமும் போடுவாங்க ஆன்ட்டின்னு ரொம்பப் பயந்துக்கறான்.

இதை இவ்வளவு விலாவரியா எழுதறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்த மாசக் கடைசியில டாஸ்மேனியாவுல டென்ட் போட்டுத் தங்கப் போறோம்னு சொன்னே. ரோஹித்துக்கு வீசிங் இருக்கேடா, அந்தக் காட்டுல திடீர்னு மூச்சு வாங்கினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அங்க போய்ப் பார்த்துக்கலாம்மான்னு சிரிச்சே. நாங்களும் அங்க போய்ப் பார்த்துக்கலாம்னு போனவங்கதான், அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன், படிச்சுட்டு நீயும் ஷாரோனும் பேசிக்குங்க.

ஆலம்பரைக் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி கடலோரமா ஒரு வீட்டை ஜாக்குலின் வாடகைக்கு எடுத்தா. அவ வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல, அதனால நான், அப்பா, ஜாக்குலின், அப்புறம் கேளம்பாக்கத்துல இருந்து ஞானதாஸ் சித்தப்பா, அவ்வளவுதான். உனக்குத்தான் தெரியுமே, சித்தப்பா ஆவிக்குரிய சபைக்குப் போனதுல இருந்து அண்ணன் தம்பிக்குள்ள ஒத்துப்போறதில்ல. அண்ணன் ஜெபம் காஞ்சுபோன ஜெபம், அதுல ஆவியே கிடையாது, டிக்கெட் கிழிக்கற மாதிரி வரிசையா வந்துகினே கீதுன்னு அவர் சொல்வாரு. நீங்க போடற சத்தத்துல ஆண்டவர் காதைப் பொத்திக்குவாருடான்னு இவர் சொல்வாரு. ரெண்டு பேரையும் ஒரே கார்ல ஏத்தி சமாதானம் பண்ணி வெக்கணும்னுதான் ஜாக்குலின் இந்த ஏற்பாட்டையே செஞ்சா. போற வழியெல்லாம் ஒண்ணும் சண்டையில்ல, ரெண்டு பேரும் தூங்கிட்டு வந்தாங்க. மறுநாள் காலையில பல்லு விளக்கும்போது அப்பா கையில இருந்து பிரஷ் கீழே விழுந்துச்சு. எடுத்தாரு, மறுபடி விழுந்துச்சு. என்னாச்சுங்கன்னு கேட்டேன். கையைத் தலைக்கு வெச்சுப் படுத்துட்டேன், மரத்துப் போச்சு, ஒண்ணுமில்லன்னாரு. கொஞ்ச நேரத்துல சரியாவும் ஆயிடுச்சு, கடல்ல கால் நனைச்சுட்டு வந்தாரு. பிரஷ் விழுந்தப்பவே அது எச்சரிக்கைம்மா, அப்பவே கிளம்பியிருக்கணும்னு அப்புறம் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்க. கிளம்பலாம்னு அந்த நேரத்துல யாருக்குத் தோணும் சொல்லு. ஜாக்குலின் வஞ்சிரம் வாங்கப் போயிருந்தா, வீட்டுக்கு வாடகை குடுத்தாச்சு, வெயில் இன்னும் ஏறல, எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்க. சொந்த வீட்டுல இருந்தா ஒரு எட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வருவோம். லீவுல இருக்கும்போது உடம்புக்கு வர்றது யாருக்குமே பிடிக்காத விருந்தாளி, வரலேன்னே நெனச்சுக்குவோம்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அப்பா ஜெபம் உனக்கு மனப்பாடமா இருக்கும். முதல்ல ஸ்தோத்திரம், அப்புறம் சோறு, அப்புறம் சமைச்ச கை, அப்புறம் விவசாயி, செம்படவர், பஸ் ஓட்டறவங்க, அப்புறம் ஜாக்குலின் குடும்பம், அதுக்கு அப்புறம்தான் மெல்போர்ன்ல இருக்கிற நீங்க மூணு பேரும். கல்யாணமாகி வந்ததுல இருந்து ஆறின சோறுதான் எனக்கு வாய்ச்சது. எல்லாரும் கண்ணை மூடிக்கினு இருந்தாங்க. நான் மட்டும் ஜெபத்துல ஒரு கண்ணைத் திறந்து வெச்சுக்கறவ, அதுக்காக உன் அப்பாகிட்ட எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கேன். அன்னைக்கு ஒரு பூனை மீன் தட்டையே பார்த்துக்கினு வாசப்படியில உட்கார்ந்திருந்துச்சு, அதனால திறந்திருந்தேன். உன் பேருக்கு வந்தாரு. வந்த இடத்துல நாக்கு மடங்கிப் போச்சு. என்னமோ சொல்றாரு, ஒரு வார்த்தையும் வார்த்தையா இல்ல. ஆனா நிறுத்தவும் இல்ல, அதே ராகத்துல, அதே ஏத்த இறக்கத்துல போய்க்கினே இருக்காரு. உடனே சித்தப்பா ரெண்டு கையையும் மேல தூக்கி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு ஆரம்பிச்சுட்டாரு. அவங்க சபையில ஆவி இறங்கினா யாருக்கும் புரியாம பேசுவாங்களே அந்நிய பாஷைன்னு, அது கடைசியில அண்ணனுக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சு அழறாரு, சிரிக்கறாரு. ஜாக்குலினும் கண்ணைத் திறக்கல, ஜெபத்துக்கு நடுவுல திறக்கக் கூடாதுன்னு வளர்த்த பொண்ணு. நான் பார்த்துக்கினு இருந்தேன். அப்பா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கூப்பியிருந்த கையில வலது கை மட்டும் மெதுவா நழுவி ரசத்துல போய் விழுந்துச்சு.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை. நான் போனை எடுத்து நூத்தி எட்டுக்கு அடிக்கறேன், சித்தப்பா என் கையைப் புடிக்கறாரு. இன்னா அண்ணி இது, ஆவியானவர் இறங்கிகினு கீறாரு, நீங்க ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுகினு கீறீங்களேன்னு கேக்கறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, ஆவியானவர் இறங்கினா வாய் ஏன்யா கோணுதுன்னு கத்திட்டேன். அப்பதான் அவர் திரும்பி அண்ணன் மூஞ்சியைப் பார்த்தாரு. ஜாக்குலின் கார் சாவியை எடுத்துட்டா, நேரா பாண்டிச்சேரிக்குப் போயிடலாம்னு சொல்றா. வெயில்தான்மா, மோர் குடுங்க, பக்கத்துல கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா எழுந்துருவாருன்னு வீட்டைப் பார்த்துக்கற ஆள் சொல்றாரு. உன் அப்பா இடது கையால வேணாம் வேணாம்னு ஆட்டறாரு, தட்டைக் காட்டறாரு, சாப்பிடுங்கன்னு சொல்றாராம். நூத்தி எட்டுல பேசின பொண்ணு சொன்னதை மட்டும் நான் செஞ்சேன். சிரிக்கச் சொல்லுங்கன்னுச்சு, பாதி வாய்தான் சிரிச்சுது. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கன்னுச்சு, ஒண்ணுதான் எழுந்துச்சு. குடிக்க ஒண்ணும் குடுக்காதீங்க, புரையேறிடும், வண்டி கிளம்பிடுச்சு, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் நேராப் போகணும், நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாதுன்னுச்சு. மோர் டம்ளரை வாசல்ல கொட்டினேன். சித்தப்பா ஜெப எண்ணெயை எடுத்துக்கினு வந்தாரு, நெத்தியிலதானே, வண்டியில வெச்சுத் தடவுங்க, ஜெபமும் வண்டியிலயே பண்ணுங்கன்னு சொல்லி ஏத்திக்கினேன். செய்யூர், மதுராந்தகம் தாண்டி நம்ம செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோனாங்க. லீவுக்குப் போயிட்டு வீட்டுக்குக் கூப்பிடு தூரத்துல வந்து படுத்தாரு. ஸ்கேன்ல ரத்தக்கட்டு தெரிஞ்சுது, கரைக்கற ஊசி போட்டாங்க. அதைக் கொஞ்ச நேரத்துக்குள்ளதான் போட முடியுமாம், லேட்டா வந்திருந்தா போட்டும் பிரயோஜனமில்லையாம். ஊசி போட்டதும் சித்தப்பா வராண்டாவுல தரையில உட்கார்ந்து, அண்ணன் நாக்கு உழுந்துச்சு அண்ணி, நான் சந்தோசப்பட்டுகினு இருந்தேனேன்னு ஓன்னு அழுதாரு. ஜெபம் இன்னைக்காவது சீக்கிரம் முடியுதேன்னு நானும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், எழுந்திருங்கன்னேன். அதுல இருந்து தினமும் காலையில கேளம்பாக்கத்துல பஸ் ஏறி வந்துடறாரு. அண்ணனைக் குளிப்பாட்டறது, கைக்குப் பயிற்சி குடுக்கறது எல்லாம் அவர்தான். ரெண்டு பேரும் இப்ப சண்டையே போடறதில்ல, ஒருத்தருக்குப் பேச்சு இல்லாததால.

இதுல உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உடம்பு முடியாதவங்க ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க, மத்தவங்க லீவு கெட்டுப் போவக் கூடாதுன்னு. அதனால அவங்க பேச்சை எடுத்துக்காதே. நாலு பேர் இருந்தா நாலு யோசனை வரும், அந்த நேரத்துல ஓட்டு எடுத்துக்கினு நிக்க முடியாது. கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்குங்க, யாருக்கு முதல்ல சந்தேகம் வருதோ அவங்க சொன்னா டென்ட்டைப் பிரிக்கணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. ஷாரோனுக்கு சந்தேகம் வந்தா ஷாரோன் பேச்சு, ரோஹித்தே அம்மா, எனக்கு என்னமோ பண்ணுதுன்னு சொன்னா அவன் பேச்சு. பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க இருக்கு, அந்தக் காட்டுல போன் எடுக்குமான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ. போனதுக்கு அப்புறம் ஒண்ணுமே ஆகலேன்னா அம்மா சும்மா பயமுறுத்தினான்னு சிரிங்க, எனக்கு அதுதான் வேணும்.

அப்பா பேச்சு விஷயத்துக்கு வரேன். பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு சுஷ்மிதான்னு வாரத்துக்கு ரெண்டு நாள் வருது. தண்ணி, போதும், சாரான்னு என் பேரு, இதெல்லாம் வந்துடுச்சு. உன் பேர் மட்டும் வரவே இல்ல. ஸ்-ல ஆரம்பிச்சாலே நாக்கு திக்குது, கண்ணுல தண்ணி வந்துடும், தட்டைத் தள்ளிடுவாரு. ஜெபத்தை மட்டும் விட மாட்டேங்கறாரு. ஸ்தோத்திரத்துக்கு ஒரு சத்தம், சோத்துக்கு ஒரு சத்தம்னு அவர் பாட்டுக்குப் போவாரு, ஜாக்குலின் வரைக்கும் வந்து உன் பேர்ல நின்னுடுவாரு. நாங்க எடுத்துக் குடுத்தாலும் கோவம் வரும். பொங்கலன்னைக்கு மதியம் அதே மாதிரி நின்னாரு. இன்னைக்கும் அவ்வளவுதான்னு நான் கரண்டியை எடுத்தேன். திடீர்னு பழைய குரல்ல, கொஞ்சம்கூடத் தடங்கலே இல்லாம, செங்கல்பட்டு, செம்பாக்கம், திருப்போரூர், கேளம்பாக்கம்னு அவர் ஓடின பஸ் ரூட்ல ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிக்கினு போனாரு. கேளம்பாக்கம் வந்ததும் அதே மூச்சுல, ஸ்டான்லின்னாரு. சித்தப்பா சத்தமே போடல, வாயைப் பொத்திக்கினாரு. வாய்ப்பழக்கமா வர்ற பேச்சு நோய்ல போவாம தங்கிடும், அதைப் புடிச்சுக்கினு மத்த வார்த்தை வரும்னு சுஷ்மிதா சொல்லுது. அதுல இருந்து உன் பேர் வேணும்னா செங்கல்பட்டுல ஏறித்தான் வராரு. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான், சோறு பழையபடி ஆறிப்போவுது. ஆறட்டும்.

கர்த்தர் உங்க மூணு பேரையும் போக்குலயும் வரத்துலயும் காப்பாராக. ரோஹித்தோட இன்ஹேலரைக் கார்ல வெக்காதே, டென்ட்டுக்குள்ள கை எட்டற இடத்துல வை. ஷாரோனுக்கு என் முத்தம். டிக்கெட் போட்டுக்கினு ஓடி வராதே, ஈஸ்டருக்கு வரேன்னு சொன்னபடியே வா. ஞாயித்துக்கிழமை மட்டும் வீடியோவுல வா, நாங்க சாப்பிடற நேரத்துக்கு. இனிமே அவர் குளிக்கப் போக மாட்டாரு, நான் புடிச்சு உட்கார வெக்கறேன். அவர் ஜெபம் பண்ணும்போது யார் திட்டினாலும் பரவாயில்ல, நீயும் கண்ணைத் திறந்து வெச்சுக்கோ. உன் பேர்ல நின்னாருன்னா பாவம்னு நெனச்சு எடுத்துக் குடுக்காதே. செங்கல்பட்டுன்னு ஆரம்பிப்பாரு, குறுக்க பேசாம கேளம்பாக்கம் வரைக்கும் உட்கார்ந்திரு.

உன் அம்மா,
சாராள் ஏசுபாதம்.