மாராத்தாள் பேர் வெட்டிய சுத்தியல்

இன்றைக்குக் காலையில் எவனோ பழுக்கக் காய்ச்சிய உளியை எண்ணெய்த் தொட்டியில் முக்கினான். கருகின எண்ணெய் நாத்தம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ செத்து எட்டு நாள்தான் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியவனில்லை. இப்போது எழுதுகிறேன், நீ படிக்கமாட்டாய் என்கிற தைரியத்தில்.

நயாபைசா புதிதாக வந்த வருசம். பெரியநாயக்கன்பாளையத்துப் பம்புப் பட்டறையில் நீ உலையில், நான் பம்புகளுக்கு நம்பர் வெட்டுகிற மேசையில். அவனவன் சுத்தியலை அவனவனே உலையில் காய்ச்சி அடித்துச் செய்துகொள்வதும், மாறிப்போகாமல் இருக்க அதில் தன் பேரின் முதலெழுத்தை வெட்டிக்கொள்வதும் நம் வழக்கம். நீ லாரி அச்சுத் துண்டு ஒன்றைச் சுத்தியலாக அடித்தாய். அரம் போட்டு மழமழவென்று தேய்த்தாய். காய்ச்சி முக்கிப் பதம் ஏற்றிவிட்டால் இரும்பு இறுகி உளி ஏறாது என்று, அதற்கு முன்னாலேயே மூன்று நாள் சோற்று நேரத்தில் குனிந்து உட்கார்ந்து எழுத்து வெட்டினாய். உன் எழுத்தை அல்ல. மாராத்தாள் என்று, கட்டி ஆறு மாசமான உன் பெண்டாட்டியின் பேரை, முழுசாக.

வாங்கிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அந்த ‘ள’வின் சுழியை அப்படி வளைக்க, வெட்டியே பிழைக்கிற எனக்கு வராது. உலைக்காரன் உனக்கு வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அழுகியா போயிருக்கும்? சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கிக் கத்தினேன்: “ஏனுங்க, எல்லாரும் வந்து பாருங்க! மாப்பிள்ளை தினமும் பொண்டாட்டியை இரும்பு மேல போட்டு அடிக்கப் போறானுங்க!”

பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து நீ அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எவனாவது பெண்குரலில், “ஐயோ, வலிக்குதுங்க மாமா” என்பான். அவர்கள் மறந்தாலும் நான் விடவில்லை, எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாய்.

பதினோராம் நாள் காலையில் சங்கு ஊதும் முன்பே வந்து, சுத்தியலைப் பழுக்கவைத்து, சம்மட்டியால் பேரை நசுக்கினாய். அப்படியே தண்ணீரில் முக்கினாய். பிறகு இளஞ்சூட்டில் வாட்டி, வைக்கோல் நிறம் வரும்வரை பதத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வேலையிலேயே விளிம்பு தெறிக்கும். உனக்குத் தெரியாததா? ஆட்கள் வந்து பார்ப்பதற்குள் முடித்துவிடும் அவசரம் உனக்கு.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘பதம் இறக்கலையேடா’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உடையட்டும், இன்னும் ஒரு வாரம் சிரிக்கலாம் என்று நினைத்தேன். சண்டாளன்.

மூன்றாவது அடியில் தெறித்த சில்லு உன் வலது கண்ணில் ஏறியது. ரத்தம் வழிய என் கையைப் பிடித்துக்கொண்டு, “டேய், பேரு முழுசா போயிருச்சான்னு பாரு” என்றாய்.

கண் போயிற்று, உலை வேலையும் போயிற்று. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சாக்குத் தைத்துக் காலத்தை ஓட்டினாய். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதற்காகவும் உன்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

எழவுக்கு வந்திருந்தேன். மாராத்தாள் அந்தச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “ஏனுங்கண்ணா, நீங்க பட்டறையில அவருகூடவே இருந்தீங்கல்ல? இதுல என்னமோ எழுதி அழிச்ச மாதிரி இருக்குதுங்க. கடைசி வரைக்கும் கேட்டும் சொல்லலீங்க. என்னங்கண்ணா அது?”

நசுங்கின இடத்தில் அந்தச் சுழி மட்டும் இன்னும் லேசாகத் தெரிந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் அழித்தார் என்று கேட்பாள்.

“பம்பு நம்பருங்க அம்மணி.”

“அவ்வளவுதானுங்களா? அப்பப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரட்டுங்களா?”

“போட்டுருங்க” என்றது இந்த வாய். இதை வைத்துக்கொண்டுதான் இன்னும் சோறு தின்கிறேன்.